புதிய உப்புநீர் நீச்சல் குளத்தில் நீரைச் சமன்செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலை, புதுச்சேரி போன்ற கடலோரப் பகுதிகளில் வீட்டோடு உப்புநீர் நீச்சல் குளம் கட்டி, அதை ஆழ்துளைக் கிணற்று நீராலோ லாரித் தண்ணீராலோ நிரப்பப்போகிறவர்களை மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. அளவுகள் யாவும் 10 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரியாக 1.25 மீட்டர் ஆழம் உள்ள, அதாவது 50,000 லிட்டர் கொள்ளும் குளத்துக்கு உரியவை. உங்கள் குளத்தின் கொள்ளளவுக்கேற்ப அதே விகிதத்தில் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். பிபிஎம் என்று சொல்லுமிடங்களில் ஒரு லிட்டர் நீரில் இத்தனை மில்லிகிராம் என்று பொருள்.

உப்புநீர்க் குளம் என்றால் குளோரின் இல்லாத குளம்தானே?

இல்லை. இதுவும் குளோரின் குளம்தான். குளோரினை வெளியே வாங்கி ஊற்றாமல், நீரில் கரைந்திருக்கும் உப்பிலிருந்து அங்கேயே தயாரித்துக்கொள்கிறோம். வடிகட்டியைத் தாண்டி வரும் நீர், குளோரின் தயாரிக்கும் இயந்திரமான குளோரினேட்டரின் செல்லுக்குள், அதாவது தகடுகள் அடங்கிய அறைக்குள் நுழையும்போது, ருத்தேனியம், இரிடியம் போன்ற உலோகங்களின் ஆக்சைடு பூசிய டைட்டானியத் தகடுகளுக்கிடையே மின்சாரம் பாய்கிறது. ஒரு தகட்டில் குளோரின் உருவாகி உடனே நீரில் கரைகிறது. எதிர்த் தகட்டில் ஹைட்ரஜன் குமிழிகள் எழுகின்றன. தன் வேலையை முடித்த குளோரின் மறுபடியும் குளோரைடாகவே நீரில் தங்கிவிடுவதால் உப்பு செலவாவதில்லை. குளிப்பவர்கள் வாரியடிக்கும் நீர், பேக்வாஷில் (வடிகட்டியில் நீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவும்போது) போகும் நீர், மழையில் வழிந்தோடும் நீர் ஆகியவற்றோடுதான் உப்பு வெளியேறும். கடல்நீரில் உப்பு சுமார் 35,000 பிபிஎம். பெரும்பாலான குளோரினேட்டர்களுக்கு 2,700 முதல் 3,400 பிபிஎம் போதும். சில இயந்திரங்கள் இதைவிடக் கூடுதலாகக் கேட்கும் என்பதால் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உப்பின் அளவைச் சரியாக வைப்பது இந்த முறையிலேயே மிக எளிய வேலை. புதுக் குளங்களில் உண்மையான தொல்லை சுண்ணப் படிவால்தான் வருகிறது. ஆகவே கீழே உள்ள பதில்களில் உப்பைவிட பி.எச்., காரத்தன்மை, கால்சியம் ஆகியவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். நீர் எவ்வளவு அமிலமாகவோ காரமாகவோ இருக்கிறது என்பதைக் காட்டும் எண் பி.எச். அமிலம் சேரும்போது பி.எச். சட்டென்று மாறாமல் தாங்கும் பைகார்பனேட் போன்ற உப்புகளின் அளவுதான் காரத்தன்மை.

குளத்தை நிரப்பும் முன் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். மாவட்டங்களில் உள்ள தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலோ தனியார் ஆய்வகத்திலோ ஒரு பாட்டில் நீரைக் கொடுத்து, மொத்தக் கடினத்தன்மை, கால்சியம், காரத்தன்மை, குளோரைடு, இரும்பு ஆகிய ஐந்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீரில் கரைந்துள்ள எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் டிடிஎஸ் மீட்டரின் ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாது. 1,500 டிடிஎஸ் உள்ள நீரில் எவ்வளவு உப்பு, எவ்வளவு சுண்ணம் என்பதை அந்த எண் சொல்லாது.

குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயமே 200 பிபிஎம் கடினத்தன்மையை விரும்பத்தக்க அளவாகவும், வேறு வழியில்லாத இடத்தில் 600 பிபிஎம் வரை ஏற்கத்தக்கதாகவும் வைத்திருக்கிறது. குளத்துக்குக் கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400 பிபிஎம் வரை இருந்தால் நல்லது. கிணற்று நீர் அதைத் தாண்டியிருந்தால், முழுக் குளத்தையும் அதைக் கொண்டே நிரப்பிவிட்டுப் பிறகு வருந்துவதைவிட, கடினத்தன்மை குறைந்த லாரித் தண்ணீரையும் கிணற்று நீரையும் பாதிக்குப் பாதி கலப்பது சிக்கனமான வழி. கால்சியத்தைக் கூட்டுவது எளிது. குறைக்க வேண்டுமானால் நீரை வெளியேற்றி மாற்றுவதைத் தவிர நடைமுறையில் வேறு வழி அநேகமாக இல்லை.

குளோரைடு எண்ணை 1.65ஆல் பெருக்கினால் நீரில் ஏற்கெனவே உள்ள உப்பின் அளவு தெரியும். ஆய்வறிக்கையில் குளோரைடு 600 என்று இருந்தால் ஏறத்தாழ 1,000 பிபிஎம் உப்பு இப்போதே இருக்கிறது என்று கொள்ள வேண்டும். கடலோரக் கிணறுகளில் இது அரிதல்ல.

கட்டி முடித்த வாரமே உப்பைக் கொட்டிக் குளோரினேட்டரை ஓடவிடலாமா?

பொறுத்திருக்க வேண்டும். உட்புறம் சிமெண்டுப் பூச்சாக இருந்தால் நீர் நிரம்பிய நாளிலிருந்து நான்கு வாரம் காத்திருப்பதே வழக்கம். டைல்ஸோ கண்ணாடி மொசைக்கோ ஒட்டிய குளத்திலும் இடைவெளிகளைச் சிமெண்டுக் கலவையால் அடைத்திருந்தால், அந்தக் கலவை முழுதாக இறுகும் வரை பொறுக்க வேண்டும். புதுச் சிமெண்டிலிருந்து கால்சியம் ஹைட்ராக்சைடு நீரில் கரைந்துகொண்டே இருக்கும், அது பி.எச்.சை 8.2க்கு மேல் தள்ளி, வெண்ணிறத் தூளாக அடியில் படியும். அந்த நீரைச் செல்லுக்குள் விட்டால் தகடுகளின் மேல் சுண்ணம் ஏறிவிடும். கொட்டிய உப்பு கரையாமல் புதுப் பூச்சின் மேல் குவிந்து கிடந்தால் அந்த இடம் நிறம் மாறவும் கூடும்.

அந்த நான்கு வாரங்களில் என்ன செய்வது?

முதல் சில நாள்களுக்கு மோட்டாரை இரவு பகல் நிறுத்தாமல் ஓட்டி, சுவரையும் தரையையும் நாளுக்கு இருமுறை நைலான் தூரிகையால் தேய்த்துவிட வேண்டும். பி.எச்.சை அன்றாடம் பார்த்து, 7.8ஐத் தாண்டும்போதெல்லாம் சிறிது சிறிதாக ஆசிட் (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) சேர்க்க வேண்டும். கிருமிநீக்கத்துக்குக் குளோரின் திரவத்தைப் பயன்படுத்தலாம். 10 விழுக்காடு வீரியமுள்ள சோடியம் ஹைப்போகுளோரைட்டு அரை லிட்டர் ஊற்றினால் 50,000 லிட்டரில் குளோரின் 1 பிபிஎம் உயரும். பழைய திரவம் வெயிலில் வைக்கப்பட்டிருந்தால் வீரியம் குறைந்திருக்கும் என்பதால், ஊற்றிய பின் அளந்து பார்ப்பது அவசியம். இந்தக் காலத்தில் பிளீச்சிங் பவுடரைத் தவிர்ப்பது நல்லது; அது குளோரினோடு கால்சியத்தையும் கொண்டுவரும், நமக்கோ கால்சியம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது.

பி.எச். ஏன் திரும்பத் திரும்ப ஏறுகிறது? குளோரினேட்டரில் கோளாறா?

கோளாறு இல்லை. இக்கேள்வியைத்தான் உப்புநீர்க் குளம் வைத்திருப்போர் அதிகம் கேட்கிறார்கள். இதற்கான தவறான வைத்தியம்தான் குளங்களை அதிகம் கெடுக்கிறது.

செல்லில் குளோரின் உருவாகும்போது காரமும் கூடவே உருவாவது உண்மைதான். ஆனால் அந்தக் குளோரின் நீரில் கரைந்து, செலவாகி, மீண்டும் குளோரைடாக மாறும் வரையிலான முழுச் சுற்றில் அது ஏறக்குறைய ஈடாகிவிடுகிறது. நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறுவதுதான் பி.எச். ஏறுவதற்கு முக்கியக் காரணம். கரியமில வாயு நீரில் இருக்கும்வரை அமிலமாகச் செயல்படும். அது காற்றோடு போய்விட்டால் பி.எச். உயரும். செல்லில் எழும் ஹைட்ரஜன் குமிழிகள், விளிம்பில் வழியும் நீர், செயற்கை அருவி, மேற்பரப்பைக் கலக்கும் குழாய்கள் எல்லாமே நீரைக் கலக்கி அந்த வாயுவை வெளியே தள்ளுகின்றன. காரத்தன்மை எவ்வளவு அதிகமோ அவ்வளவு கரியமில வாயு நீரில் இருக்கும். அவ்வளவு விரைவாக பி.எச்.சும் ஏறும். புதுக் குளத்தில் சிமெண்டும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

ஆகவே ஒவ்வொரு முறையும் பி.எச்.சை 7.2 வரை இறக்குவது வீண். இறக்க இறக்க நீரில் கரியமில வாயு மிகுந்து, அது முன்னைவிட வேகமாக வெளியேறும். 7.8 முதல் 8.0 வரை போனதும் 7.6க்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். காரத்தன்மை 80 பிபிஎம் அளவில் இருக்கும்போது, 8.0லிருந்து 7.6க்கு இறக்க 30 முதல் 33 விழுக்காடு வீரியமுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 300 முதல் 450 மில்லி வரை ஆகும். குறைந்த அளவை முதலில் ஊற்றி, மோட்டார் ஓட, சில மணி நேரம் கழித்து அளந்து, தேவையானால் மீதியைச் சேர்க்கலாம். குளியலறை கழுவ விற்கும் ஆசிட்டில் வீரியமும் சேர்மானமும் தெரியாது. அதைக் குளத்தில் ஊற்ற வேண்டாம்.

காரத்தன்மை எவ்வளவு இருக்கலாம்? அதிகமானால் எப்படிக் குறைப்பது?

பொதுவாக 80 முதல் 120 பிபிஎம் என்று சொல்வார்கள். உப்புநீர்க் குளத்துக்கு 60 முதல் 80 பிபிஎம் போதும் என்பதே என் உறுதியான கருத்து. மேலே சொன்ன காரணத்தால், இந்த அளவில் பி.எச். மெதுவாகவே ஏறும், ஆசிட் செலவும் குறையும்.

கிணற்று நீர் 250 பிபிஎம் காரத்தன்மையோடு வந்திருந்தால் அதை ஒரே நாளில் இறக்க முயலக் கூடாது. ஒரு லிட்டர் ஆசிட் 50,000 லிட்டர் நீரின் காரத்தன்மையை ஏறத்தாழ 10 பிபிஎம் குறைக்கும். பி.எச்.சை 7.2 அளவுக்கு இறக்கி, அருவியையோ குழாய்களையோ திறந்துவிட்டு நீரைக் கலக்கினால் காரத்தன்மை மாறாமல் பி.எச். மட்டும் தானாக ஏறும்; மறுபடி ஆசிட், மறுபடி கலக்கல் என்று இரண்டு மூன்று வாரத்தில் விரும்பிய அளவை எட்டிவிடலாம். காரத்தன்மை 60க்குக் கீழே போய்விட்டால் மட்டும் ஆப்ப சோடா சேர்க்க வேண்டும். 840 கிராம் சேர்த்தால் 10 பிபிஎம் உயரும். சலவைச் சோடா பி.எச்.சையும் சேர்த்துத் தூக்கிவிடும் என்பதால் இங்கே அதற்கு வேலை இல்லை.

நீர் சுண்ணத்தைப் படியவிடுமா, அரிக்குமா என்பதை எப்படி அறிவது?

இதற்கு லாங்கிலியர் குறியீடு என்ற கணக்கு இருக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வில்பிரட் லாங்கிலியர் 1936இல் குடிநீர்க் குழாய்களுக்காக வகுத்தது இது. பின்னர் குளங்களுக்கும் பயன்பாட்டுக்கு வந்தது. பி.எச்., வெப்பநிலை, கால்சியம், காரத்தன்மை, கரைந்துள்ள மொத்த உப்புகள் ஆகிய ஐந்தையும் சேர்த்துப் பார்த்து, நீர் சுண்ணத்துக்காக ஏங்குகிறதா, சுண்ணம் மிகுந்து திணறுகிறதா என்பதை ஓர் எண்ணாகத் தருகிறது. மைனஸ் 0.3 முதல் பிளஸ் 0.3 வரை இருந்தால் நீர் சமநிலையில் உள்ளது எனலாம்.

எடுத்துக்காட்டாக, 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7.6, கால்சியம் 300, காரத்தன்மை 70, ஸ்டெபிலைசர் (வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் சயனூரிக் அமிலம்) 50, உப்பு 3,200 என்று இருந்தால் குறியீடு சுமார் மைனஸ் 0.2 வரும். அதே வெப்பத்தில் பி.எச். 8.0, கால்சியம் 700, காரத்தன்மை 250 என்று கிணற்று நீரை அப்படியே விட்டுவைத்தால் பிளஸ் 1.2 ஆகிவிடும், டைல்ஸின் நீர்மட்டக் கோட்டில் வெள்ளைப் பட்டையும் செல்லுக்குள் படிவும் விரைவில் தெரியும். மாறாக, மழைநீரோ ஆர்ஓ நீரோ மட்டும் நிரப்பிய குளத்தில் கால்சியம் மிகக் குறைந்து, நீர் தனக்குத் தேவையான சுண்ணத்தைச் சிமெண்டு இடைவெளிகளிலிருந்து கரைத்து எடுத்துக்கொள்ளும். அங்கே கால்சியம் குளோரைடு சேர்க்க வேண்டும். டைஹைட்ரேட் வகையில் சுமார் 735 கிராம் சேர்த்தால் 10 பிபிஎம் உயரும்.

கோடையில் ஆவியாகும் நீரையும் கணக்கில் கொள்ளுங்கள். நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டர் குறைந்தால் அது 200 லிட்டர். ஆவியாவது வெறும் நீர். சுண்ணம் குளத்திலேயே தங்கும். 500 பிபிஎம் கால்சியம் உள்ள கிணற்று நீரால் அதை ஈடுசெய்தால் நாளுக்கு 2 பிபிஎம், மாதத்துக்கு 60 பிபிஎம் ஏறிக்கொண்டே போகும். முடிந்தவரை மென்னீராக்கிய நீரையோ சேமித்த மழைநீரையோ ஈடுசெய்யப் பயன்படுத்துவது இதனால்தான்.

எந்த உப்பு, எவ்வளவு, எப்படிச் சேர்ப்பது?

அயோடின் சேர்க்காத, கட்டியாகாமலிருக்கும் ரசாயனம் கலக்காத, 99 விழுக்காட்டுக்கு மேல் தூய்மையுள்ள சுத்திகரித்த உப்பு வேண்டும். மரக்காணம், வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளங்களில் வாரிய கல்லுப்பு விலை குறைவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதை நேரே குளத்தில் கொட்டக் கூடாது. அதில் ஜிப்சம், மெக்னீசிய உப்புகள், களிமண் ஆகியவை ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு கைப்பிடியைக் கண்ணாடித் தம்ளரில் கரைத்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் சாம்பல் நிற வண்டல் இறங்கினால் அது குளத்துக்கான உப்பல்ல.

உப்பே இல்லாத நீருக்கு 3,200 பிபிஎம் எட்ட 160 கிலோ தேவை. முன்னரே 1,000 பிபிஎம் இருந்தால் 110 கிலோ போதும். கணக்கிட்டதில் முக்கால் பங்கை மட்டும் முதலில், குளோரினேட்டரை அணைத்துவிட்டு, மோட்டார் ஓடும்போது விளிம்பைச் சுற்றிப் பரவலாகத் தூவித் தூரிகையால் தள்ளிக் கரைக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க நீர் சுழன்ற பின் அளந்து மீதியைச் சேர்க்கலாம்.

ஸ்டெபிலைசர் தேவையா?

திறந்தவெளிக் குளத்துக்குத் தேவை. சயனூரிக் அமிலம் இல்லாத குளத்தில் நம் ஊர் வெயில் ஒரு பகலிலேயே பெரும்பகுதிக் குளோரினை அழித்துவிடும். உப்புநீர்க் குளத்தில் 60 முதல் 80 பிபிஎம் வரை வைக்கலாம். 50 பிபிஎம் உயர 2.5 கிலோ ஆகும். பழைய காலுறையில் கட்டி, நீர் வரும் குழாயின் முன் தொங்கவிட்டு, அவ்வப்போது பிழிந்துவிட வேண்டும். மெதுவாகவே கரையும், அளவு சரியாகத் தெரிய ஒரு வாரம்கூட ஆகலாம், அதற்குள் பொறுமை இழந்து மேலும் போட்டுவிடாதீர்கள். குளோரினை ஸ்டெபிலைசரின் அளவில் குறைந்தது 5 விழுக்காடாக, அதாவது 70க்கு 3.5 பிபிஎம்முக்குக் குறையாமல் வைக்க வேண்டும். டிசிசிஏ எனப்படும் குளோரின் மாத்திரைகளில் சயனூரிக் அமிலமும் இருப்பதால், அவை கரையும்போதெல்லாம் ஸ்டெபிலைசரும் ஏறும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளோரினேட்டர் நாளுக்கு எத்தனை மணி நேரம் ஓட வேண்டும்?

வெயில் காலத்தில் நாளுக்கு 2 முதல் 3 பிபிஎம் குளோரின் செலவாகும் என்று வைத்தால் 100 முதல் 150 கிராம் தேவை. மணிக்கு 20 கிராம் தயாரிக்கும் செல்லுக்கு அது 5 முதல் 8 மணி நேர வேலை. குளிப்பவர்கள் அதிகமானால் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

கடையில் கிடைக்கும் சோதனைப் பெட்டி போதுமா?

மஞ்சளுக்கு ஒரு குழாய், சிவப்புக்கு ஒரு குழாய் என்று வரும் சிறு பெட்டி அன்றாடப் பார்வைக்கு உதவும். ஆனால் அந்த மஞ்சள் மொத்தக் குளோரினைத்தான் காட்டுகிறது, அதில் எவ்வளவு வேலை செய்யக்கூடியது என்பதைக் காட்டாது. குளோரின் 10 பிபிஎம்முக்கு மேலிருக்கும்போது பி.எச். சோதனையின் சிவப்பு ஊதாவாகத் திரிந்து, இல்லாத காரத்தைக் காட்டும். காரத்தன்மை, கால்சியம், ஸ்டெபிலைசர் ஆகியவற்றையும் அளக்கும் துளிவகைப் பெட்டியை வாங்குங்கள். கால்சியத்துக்கான சோதனையில் சிவப்பு நீலமாக மாறும்வரை துளிகளை எண்ண வேண்டும். இடையில் தோன்றும் ஊதாவில் நிறுத்திவிட்டால் கணக்கு குறைவாக வரும். மாதிரி நீரை மேற்பரப்பிலிருந்து அள்ளாமல், முழங்கை அளவு ஆழத்தில், நீர் வரும் குழாய்க்குத் தள்ளி எடுக்க வேண்டும்.

முதல்முறை குளோரின் சேர்த்ததும் நீர் தேநீர் நிறமாகிவிட்டது. ஏன்?

கிணற்று நீரில் கரைந்திருந்த இரும்பு, குளோரின் பட்டதும் துருவாகிப் பிரிந்திருக்கிறது. பி.எச்.சை 7.2 அளவில் வைத்து, வடிகட்டியைத் தவிர்த்து நீரை மட்டும் சுழலவிட்டுப் படிகாரத்தைக் கரைத்துச் சேர்த்து, இரவு முழுவதும் நீரை அசையாமல் வைத்தால் துரு அடியில் இறங்கிவிடும். காலையில் அதை வெளியேற்றும் குழாய் வழியாக உறிஞ்சி அகற்ற வேண்டும். படிகாரம் காரத்தன்மையையும் குறைக்கும் என்பதால் மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் என்ன மாறும்?

ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்து அவ்வளவும் வழிந்தோடினால், உப்பு, ஸ்டெபிலைசர், கால்சியம் எல்லாமே சுமார் 8 விழுக்காடு குறையும். 3,200 உப்பு 2,950 ஆகும். ஒரு மழைக்கு உப்புப் பற்றாக்குறை வராது. தொடர்மழை ஓய்ந்த பின் எல்லாவற்றையும் அளந்து ஒரே முறையாக ஈடுசெய்வதே நல்லது. கடின நீரோடு போராடுகிறவர்களுக்கு இந்த மழை பெரிய உதவி.

செல்லில் வெள்ளைப் படிவு தெரிகிறது. எப்படிக் கழுவுவது?

மின்சாரத்தை நிறுத்திச் செல்லைக் கழற்றி, முதலில் குழாய் நீரைப் பாய்ச்சிப் பாருங்கள். போகாவிட்டால் நான்கு பங்கு நீரில் ஒரு பங்கு ஆசிட்டைச் சேர்த்து, அதில் தகடுகளை நனைய வைத்து, நுரைப்பது அடங்கியதும் எடுத்துக் கழுவிவிட வேண்டும். கத்தியாலோ கம்பியாலோ சுரண்டினால் தகட்டின் பூச்சு போய்விடும். அடிக்கடி ஆசிட்டில் ஊறவைத்தாலும் பூச்சின் ஆயுள் குறையும். மாதந்தோறும் கழுவ நேர்ந்தால் பிழை செல்லில் இல்லை, நீரின் சமநிலையில் இருக்கிறது.

எந்த வேலைக்கானாலும் ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். தண்ணீரை ஆசிட்டில் ஊற்றவே கூடாது. ஆசிட்டும் குளோரின் திரவமும் ஒரே வாளியிலோ ஒரே அலமாரியிலோ சேரக் கூடாது. கலந்தால் எழும் குளோரின் வாயு உயிருக்கே ஆபத்து. டிசிசிஏ மாத்திரையையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்தால் தீப்பிடிக்கவோ வெடிக்கவோ கூடும். வேலைக்கு வருகிறவருக்கும் கண்ணாடியும் கையுறையும் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

பேக்வாஷ் நீரைத் தோட்டத்துக்கு விடலாமா?

விடக் கூடாது. 3,000 பிபிஎம்முக்கு மேல் உப்புள்ள நீர் பெரும்பாலான செடிகளைக் கருக்கும். தென்னை ஓரளவு தாங்கினாலும் மண்ணில் உப்பு சேர்ந்துகொண்டே போகும். மழைநீர் சேகரிப்புக் குழிக்கு அதைத் திருப்பினால் உப்பு நேரே நிலத்தடி நீரில் இறங்கி, நீங்களும் அக்கம்பக்கத்தாரும் இறைக்கும் கிணற்றுக்கே போய்ச் சேரும். கழிவுநீர் இணைப்பு இருந்தால் அதில் விடுங்கள். இல்லாத இடத்தில், குளம் கட்டும்போதே பேக்வாஷ் நீருக்குத் தனித் தொட்டி வைத்து லாரியில் அகற்ற ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.